தேடுபொறி உகப்பாக்கத்தில் போட்டியாளர் கண்காணிப்பு

தேடுபொறி உகப்பாக்கத்தில் போட்டியாளர் கண்காணிப்பு என்பது, ஒரே தேடற்சொற்களுக்காகப் போட்டியிடும் பிற வலைத்தளங்களின் தேடல் நிலை, உள்ளடக்கம், உள்வரும் இணைப்புகள், தொழில்நுட்ப அமைப்பு ஆகியவற்றைக் காலமுறைப்படி கவனித்து ஒப்பிடும் செயற்பாடு ஆகும். தன் தளத்தில் எதைத் திருத்த வேண்டும், எதைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுப்பதே இதன் நோக்கம்.

இக்கண்காணிப்பு நியாயமாக அமைய இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று நடத்தை பற்றியது: போட்டியாளர் பொதுவில் வைத்துள்ளதை மட்டும் பார்த்தல், அவருடைய வழங்கிக்குச் சுமை ஏற்றாமை, அவருடைய எழுத்தைப் படியெடுக்காமை, அவருடைய நிலையைக் கெடுக்க முயலாமை. மற்றொன்று அளவீடு பற்றியது: இரு தளங்களையும் ஒரே அளவுகோலால் அளத்தல். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. தவறாக அளப்பவர் தன் பின்னடைவுக்குப் போட்டியாளரின் முறைகேடே காரணம் என்று எளிதில் நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையே பல நியாயமற்ற செயல்களுக்குத் தொடக்கமாகிறது.

பின்னணி

தேடுபொறியின் முடிவுப் பக்கத்தில் இடங்கள் குறைவு. ஒரு தளம் மேலேறினால் மற்றொன்று கீழிறங்கியே ஆகவேண்டும். பயனர்களில் பெரும்பாலோர் முதற் பக்கத்தைத் தாண்டிச் செல்வதில்லை என்பதால், முதற் பக்கத்திலிருந்து இறங்குவது ஒரு சிறு கடைக்கோ பதிப்பகத்துக்கோ வாடிக்கையாளரை இழப்பதாகவே முடிகிறது. ஆனால் தேடுபொறிகள் தங்கள் தரப்படுத்தல் விதிகளை முழுமையாக வெளியிடுவதில்லை. எனவே தன் தளம் ஏன் இறங்கியது என்பதை அறிய, ஏறிய தளத்தைப் பார்ப்பது இயல்பான வழியாகிறது. கடைத்தெருவில் எதிர்க்கடையின் விலைப்பலகையைப் பார்ப்பதை ஒத்தது இது. விலைப்பலகையைப் பார்ப்பதில் தவறில்லை. அதை அழிப்பதும், கடையின் பின்கதவைத் திறந்து பார்ப்பதும் வேறு செயல்கள்.

தேடற் போட்டியாளரும் வணிகப் போட்டியாளரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நூல் விற்பனைக் கடைக்கு அடுத்த தெருவிலுள்ள கடை வணிகப் போட்டியாளராக இருக்கலாம். ஆனால் நூலின் பெயரைத் தேடும்போது அக்கடைக்கு மேலே நிற்பவை ஒரு கலைக்களஞ்சியப் பக்கமாகவோ, ஒரு நூலகத் தளமாகவோ இருக்கக்கூடும். யாரைக் கண்காணிப்பது என்பதைத் தேடல் முடிவுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

வரலாறு

1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அல்ட்டாவிஸ்ட்டா தேடுபொறி, ஒரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துள்ள பிற பக்கங்களைத் தேடும் வசதியை அளித்தது. போட்டியாளரின் உள்வரும் இணைப்புகளை வெளியிலிருந்து பார்ப்பதற்கான தொடக்ககால வழிகளுள் இது ஒன்று. 1998இல் லாரி பேச்சு, செர்கே பிரின் ஆகியோர் நிறுவிய கூகிள், இணைப்புகளை வாக்குகளைப் போலக் கணக்கிடும் பேச்சுரேங்க் முறையை அறிமுகப்படுத்தியது. அதன்பின் போட்டியாளருக்கு யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்னும் கேள்வி முதன்மை பெற்றது. 2000ஆம் ஆண்டு வெளியான கூகிள் கருவிப்பட்டை, எந்தப் பக்கத்தின் பேச்சுரேங்க் மதிப்பையும் 0 முதல் 10 வரையான எண்ணாகக் காட்டியது. இந்த எண் இணைப்பு வாங்கல், விற்றலுக்கு விலைச்சீட்டைப் போலப் பயன்படுத்தப்பட்டது. கூகிள் 2016இல் இதனைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கியது.

யாகூ! நிறுவனம் 2005இல் தொடங்கிய சைட் எக்சுப்ளோரர், எந்தத் தளத்தின் உள்வரும் இணைப்புகளையும் இலவசமாகப் பட்டியலிட்டது; 2011 நவம்பரில் இது மூடப்பட்டது. இதற்கிடையே வலையைத் தாமே உலாவி இணைப்புத் தரவைத் திரட்டி விற்கும் தனியார் சேவைகள் தோன்றின. மெசெசுடிக், செம்ரஷ், ஏரெப்சு ஆகியவை இவற்றுள் அறியப்பட்டவை. இணைப்புகளைத் தேட உதவிய கூகிளின் கட்டளை 2017இல் கைவிடப்பட்டது. தளங்களின் வருகைத் தரத்தைக் காட்டிவந்த அலெக்சா சேவை 2022 மே மாதம் நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டச் செய்யும் வழியைக் கூகிள் நீக்கியது. இதனால் தரவரிசையைப் பின்தொடரும் சேவைகளின் செலவு கூடியது.

தேடுபொறிகள் திறந்து வைத்திருந்த சாளரங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதையும், அவற்றின் இடத்தை மதிப்பீடுகளை விற்கும் சேவைகள் பிடித்ததையும் இவ்வரலாறு காட்டுகிறது. மதிப்பீடு என்பது அளவீடு அன்று என்பதை மறவாதிருத்தல் இதனாலேயே தேவையாகிறது.

கவனிக்கப்படும் கூறுகள்

பொதுவாகப் பின்வருவன கவனிக்கப்படுகின்றன.

1. தேடல் நிலை: முன்னரே தேர்ந்துகொண்ட தேடற்சொற்களுக்கு ஒவ்வொரு தளமும் எந்த இடத்தில் தோன்றுகிறது என்பது.
2. உள்ளடக்கம்: போட்டியாளர் எந்தத் தலைப்புகளில் எழுதியுள்ளார், எவ்வளவு விரிவாக, எப்போது புதுப்பித்தார் என்பது.
3. உள்வரும் இணைப்புகள்: எந்தத் தளங்கள் அவருக்கு இணைப்புக் கொடுக்கின்றன, எக்காரணத்தால் என்பது.
4. தள அமைப்பு: பக்கங்களின் தலைப்பு, விவரிப்பு, உள் இணைப்புகள், தள வரைபடம்.
5. வேகம்: பக்கம் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம். குரோம் உலாவிப் பயனர்களின் அனுபவ அறிக்கையைக் கூகிள் 2017 முதல் வெளியிடுகிறது. போதிய வருகையுள்ள எத்தளத்தின் வேகத்தையும் இதில் காணலாம்.
6. மாற்றங்களின் வரலாறு: இணைய ஆவணகம் 2001இல் பொதுமக்களுக்குத் திறந்த வேபேக் மெசின் வழியாக, ஒரு பக்கம் முன்பு எப்படி இருந்தது என்பதைப் பார்க்கலாம்.

இவை அனைத்தும் பொதுவில் உள்ளவை. போட்டியாளரின் வருகைப் பதிவேடு, விற்பனைக் கணக்கு, அவருடைய தேடல் நிர்வாகக் கணக்கிலுள்ள விவரங்கள் ஆகியன பொதுவில் உள்ளவை அல்ல. கூகிள் தேடல் நிர்வாகக் கருவி தள உரிமையை உறுதிசெய்தவருக்கு மட்டுமே தரவைக் காட்டுகிறது.

நியாயமான அளவீடு

தேடல் முடிவுகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. தேடுபவரின் இடம், மொழி, கருவி, நேரம் ஆகியவற்றைப் பொறுத்து அவை மாறுகின்றன. 2009 டிசம்பரில் கூகிள், கணக்கில் நுழையாத பயனர்களுக்கும் முந்தைய தேடல்களின் அடிப்படையில் முடிவுகளை மாற்றியமைக்கத் தொடங்கியது. தள உரிமையாளர் தன் கணினியில் நாள்தோறும் தன் தளத்தையே திறந்து பார்ப்பவர் என்பதால், அவருக்கு அத்தளம் உள்ளதைவிட மேலே தோன்றக்கூடும். எனவே ஒரே இடம், ஒரே மொழி, ஒரே வகைக் கருவி, ஒரே நாள் என்னும் நிலைகளில், தன் கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

தேடற்சொற்களின் பட்டியலை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்னரே முடிவுசெய்தல் அடுத்த விதியாகும். முடிவுகளைப் பார்த்தபின் பட்டியலிடுபவர், தான் வெல்லும் சொற்களையோ தோற்கும் சொற்களையோ மட்டும் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மிகுதி. தமிழ்த் தேடல்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. சேலை, புடவை என ஒரே பொருளுக்கு இரு சொற்கள் உள்ளன. அதே சொற்களை உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து தேடுவோரும் உள்ளனர். வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவமும் மாறுகிறது. ஒரு வடிவத்தை மட்டும் அளந்தால் ஒரு தளத்துக்குச் சாதகமான படமே கிடைக்கும்.

சராசரி காட்டும் மயக்கத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஐந்து தேடற்சொற்களுக்கு முதல் தளம் 2, 4, 6, 8 ஆகிய இடங்களில் நிற்கிறது. ஐந்தாவது சொல்லுக்கு முதல் 100 முடிவுகளில் அது இல்லை. இரண்டாம் தளம் 9, 10, 11, 12, 13 ஆகிய இடங்களில் நிற்கிறது. தோன்றாத சொல்லை விட்டுவிட்டால் முதல் தளத்தின் சராசரி 5. அதனை 101ஆம் இடம் எனக் கொண்டால் சராசரி 24.2. இரண்டாம் தளத்தின் சராசரி 11. ஆக, ஒரே தரவைக் கொண்டு எந்தத் தளமும் மேலானது என்று காட்டிவிட முடிகிறது. முதல் பத்து இடங்களுக்குள் தோன்றிய சொற்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் முதல் தளத்துக்கு 4, இரண்டாம் தளத்துக்கு 2 என்று தெளிவாகிறது. எந்த முறையில் கணக்கிடுவது என்பதையும், தோன்றாத சொல்லை எப்படிக் கொள்வது என்பதையும் முன்னரே எழுதிவைத்து, இரு தளங்களுக்கும் ஒன்றுபோலப் பயன்படுத்துவதே நியாயம்.

தனியார் சேவைகள் காட்டும் வருகை எண்ணிக்கை, இணைப்பு எண்ணிக்கை ஆகியன அவற்றின் சொந்தத் திரட்டலைச் சார்ந்தவை. ஒவ்வொரு சேவையும் வலையின் வெவ்வேறு பகுதிகளை உலாவுவதால் எண்கள் வேறுபடுகின்றன. இரண்டு எச்சரிக்கைகள் இங்குப் பயன்படும். முதலாவது, தன் தளத்தின் எண்ணைத் தன் பதிவேட்டிலிருந்தும் போட்டியாளரின் எண்ணைத் தனியார் சேவையிலிருந்தும் எடுத்து ஒப்பிடக்கூடாது. இரண்டும் ஒரே சேவையிலிருந்து, ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, அச்சேவை தன் தளத்தைப் பற்றிக் கூறும் எண்ணைத் தன் உண்மையான எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தன் தளத்தைப் பற்றியே அது இருமடங்கு பிழையாகக் கூறினால், போட்டியாளரைப் பற்றி அது கூறுவதையும் அந்த அளவு ஐயத்துடனேயே ஏற்க வேண்டும்.

காரணத்தை ஊகிப்பதிலும் பிழை நேர்கிறது. மேலே நிற்கும் தளத்தில் நீண்ட கட்டுரைகள் இருப்பதைக் கண்டு, நீளமே உயர்வுக்குக் காரணம் என்று முடிவுசெய்வர். அதே நீளமுள்ள கட்டுரைகளைக் கொண்டு ஐம்பதாம் இடத்தில் நிற்கும் தளங்களை அவர்கள் பார்ப்பதில்லை. வென்றவரை மட்டும் ஆராய்வதால் வரும் இப்பிழையைத் தவிர்க்க, கீழே நிற்கும் தளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூகிள் 2024 மே மாதம் முதல் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்க விடைகளைத் தேடல் முடிவுகளின் மேற்பகுதியில் காட்டி வருகிறது. எத்தளம் அவ்விடையில் சுட்டப்படுகிறது என்பதும் இப்போது கண்காணிக்கப்படுகிறது. ஒரே கேள்விக்கு விடையும் சுட்டப்படும் தளங்களும் முறைக்கு முறை மாறக்கூடும் என்பதால், ஒருமுறை பார்த்ததை அளவீடாகக் கொள்ள இயலாது. பலமுறை கேட்டு, எத்தனை முறை ஒரு தளம் தோன்றியது என்று எண்ணுவதே பொருத்தமானது.

நடத்தை நெறிகள்

வழங்கியின் சுமை

கையால் சில பக்கங்களைத் திறந்து பார்ப்பது எவருக்கும் சுமையன்று. தானியங்கி நிரல் கொண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களை விரைந்து இறக்கும்போது, சிறிய தளத்தின் வழங்கி உண்மையான வாடிக்கையாளருக்கு விடையளிக்க இயலாமற் போகலாம். இந்நிரல்களுக்கு வழிகாட்ட 1994இல் மார்ட்டின் கோசுட்டர் ஒரு முறையை முன்மொழிந்தார். தளத்தின் மூலக் கோப்புறையில் ரோபாட்ஸ்.டி.எக்ஸ்.டி என்னும் சிறு கோப்பை வைத்து, எப்பகுதிகளை நிரல்கள் உலாவலாகாது என்று அறிவிப்பதே அம்முறை. ஏறத்தாழ 28 ஆண்டுகள் முறைசாரா வழக்கமாக இருந்த இது, 2022 செப்டம்பரில் ஆர்.எப்.சி 9309 என்னும் இணையத் தர ஆவணமாக வெளியிடப்பட்டது. இக்கோப்பு பூட்டு அன்று, அறிவிப்பே. அதனைக் கடந்து செல்வதைத் தொழில்நுட்பம் தடுப்பதில்லை. கடைப்பிடிப்பது நிரலை இயக்குபவரின் பொறுப்பைச் சார்ந்தது. கோரிக்கைகளுக்கிடையே போதிய இடைவெளி விடுதல், நிரலின் பெயரை மறைக்காமல் அறிவித்தல், கூட்டம் குறைந்த நேரத்தில் இயக்குதல் ஆகியன நன்னெறிகள்.

தேடுபொறிக்கும் இது பொருந்தும். தானியங்கி நிரல் கொண்டு தேடல்களை அனுப்புவதைக் கூகிளின் கொள்கைகள் அனுமதிப்பதில்லை. தரவரிசை காட்டும் சேவைகள் பலவும் இவ்வகையிலேயே தரவைத் திரட்டுகின்றன என்பதால், அவற்றின் நிலை நெடுங்காலமாக விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.

கற்றலும் படியெடுத்தலும்

போட்டியாளர் எழுதிய தலைப்பில் தானும் எழுதுவது கற்றல். அவருடைய வாக்கியங்களைச் சிறிது மாற்றி வெளியிடுவது படியெடுத்தல். பதிப்புரிமை பொதுவாகக் கருத்துக்கும் தகவலுக்கும் கிடையாது. அவை சொல்லப்பட்ட வடிவத்துக்கே உண்டு. போட்டியாளரின் பக்கத்தில் விடையளிக்கப்படாத கேள்வி எது என்று பார்த்து அதற்கு விடையளிப்பது, படிப்போருக்கும் புதிய பயன் தரும் வழியாகும். உள்வரும் இணைப்புகளிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒரு கல்லூரித் தளம் போட்டியாளருக்கு ஏன் இணைப்புக் கொடுத்தது என்று அறிந்து, அதைவிடச் சிறந்த பக்கத்தை உருவாக்கி அறிவிப்பது நியாயம். அவ்விணைப்பை நீக்கச் சொல்லி, போட்டியாளரைப் பற்றிப் பொய் கூறுவது நியாயமன்று.

அடையாளத்தை மறைத்தல்

வாடிக்கையாளரைப் போல நடித்து விலைப்பட்டியலையோ திட்டங்களையோ கேட்டுப் பெறுவது, போட்டியாளரின் மின்னஞ்சல் பட்டியலில் பொய்ப்பெயரில் சேர்வது, முன்னாள் ஊழியரிடமிருந்து கடவுச்சொல் பெறுவது ஆகியன பொதுத் தகவலைப் பார்த்தல் என்னும் வரம்பைப் படிப்படியாகக் கடப்பவை. கடைசியாகக் கூறப்பட்டது பல நாடுகளில் குற்றமாகும். ஒரு செயல் நியாயமானதா என்பதை ஆராய எளிய கேள்வி ஒன்று உண்டு: இத்தகவல் எப்படிக் கிடைத்தது என்பதைப் போட்டியாளரிடமே கூசாமல் சொல்ல இயலுமா என்பதே அது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

ஜே. சி. பென்னி, 2011

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான ஜே. சி. பென்னி, 2010ஆம் ஆண்டின் விழாக்கால விற்பனையின்போது உடைகள், படுக்கை விரிப்புகள், கம்பளங்கள் முதலிய பல பொதுச்சொற்களுக்குக் கூகிளில் முதலிடம் பெற்றிருந்தது. சாம்சோனைட் நிறுவனத்தின் பயணப்பெட்டியைத் தேடினாலும், அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு மேலே பென்னியின் பக்கம் நின்றது. நியூயார்க் டைம்சு நாளிதழ் இதனை ஆராய ஒரு தேடுபொறி வல்லுநரை அமர்த்தியது. பென்னியின் தளத்துக்குத் தொடர்பற்ற 2,000க்கும் மேற்பட்ட பக்கங்களில் உடை விற்பனைச் சொற்களோடு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். 2011 பெப்ரவரியில் இச்செய்தி வெளிவந்தது. கூகிள் நடவடிக்கை எடுத்ததும், பயணப்பெட்டித் தேடலில் பென்னியின் இடம் சில மணி நேரத்தில் 1இலிருந்து 71ஆக வீழ்ந்தது. இவ்விணைப்புகள் தனக்குத் தெரியாமல் வைக்கப்பட்டவை என்று கூறிய நிறுவனம், தன் தேடுபொறி ஆலோசகரை விலக்கியது.

இந்நிகழ்வில் கண்டறிதல் முழுவதும் பொதுவில் கிடைத்த இணைப்புத் தரவைக் கொண்டே நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. எவருடைய கணக்கும் உடைக்கப்படவில்லை. எவருடைய வழங்கியும் தாக்கப்படவில்லை. நேர்மையான கண்காணிப்பே முறைகேட்டை வெளிப்படுத்தப் போதுமானதாக இருந்தது.

கூகிளும் பிங்கும், 2011

தேடுபொறிகளும் ஒன்றையொன்று கண்காணிக்கின்றன. கண்ணிமை அறுவைச் சிகிச்சை ஒன்றின் பெயரைப் பிழையாகத் தட்டச்சு செய்தபோது, கூகிள் பிழையைத் திருத்தி முடிவுகளைக் காட்டியது. மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறி, சொல்லைத் திருத்தாமலேயே கூகிளின் முதல் முடிவைக் காட்டத் தொடங்கியதைக் கூகிள் பொறியாளர்கள் கவனித்தனர். பொருளற்ற எழுத்துக் கோவைகள் ஏறத்தாழ 100ஐ உருவாக்கி, அவற்றுக்குத் தொடர்பற்ற பக்கங்களைத் தங்கள் தேடுபொறியில் முடிவுகளாக வைத்தனர். பின்னர் 2010 டிசம்பரில், பிங் கருவிப்பட்டை நிறுவப்பட்ட இன்டர்நெட் எக்சுப்ளோரர் உலாவியில் அவற்றைத் தேடி, அம்முடிவுகளைச் சொடுக்கினர். சில வாரங்களுக்குள் 7 முதல் 9 வரையான கோவைகளுக்குப் பிங்கும் அதே பக்கங்களைக் காட்டியது.

2011 பெப்ரவரி 1 அன்று இது வெளியானதும், பிங் தங்கள் முடிவுகளைப் படியெடுக்கிறது என்று கூகிள் குற்றஞ்சாட்டியது. ஒப்புதல் அளித்த பயனர்கள் எவற்றைச் சொடுக்குகிறார்கள் என்பது தாங்கள் பயன்படுத்தும் 1,000க்கும் மேற்பட்ட அடையாளங்களுள் ஒன்றே என்று மைக்ரோசாப்ட் விடையளித்தது. 100 கோவைகளில் பத்துக்கும் குறைவானவையே வேலைசெய்தன என்பதை இரு தரப்பும் தத்தமக்கு ஏற்ப எடுத்துக்காட்டின. பயனரின் செயலைக் கவனிப்பது போட்டியாளரின் உழைப்பை எடுத்துக்கொள்வதாகுமா என்னும் கேள்விக்கு இன்றும் ஒருமித்த விடை இல்லை.

சட்ட நிலை

போட்டியாளர் கண்காணிப்புக்கெனத் தனிச் சட்டம் எந்நாட்டிலும் பரவலாக அறியப்படவில்லை. பதிப்புரிமை, ஒப்பந்தம், கணினிக் குற்றம், வணிகக் குறி ஆகிய சட்டங்களின் கீழ் எழுந்த வழக்குகளே வரம்புகளைக் காட்டுகின்றன.

- பெயிசுட்டு எதிர் ரூரல் (1991): தொலைபேசிக் கையேட்டிலுள்ள பெயர், எண் ஆகிய வெறுந்தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படியெடுப்பவரைக் கண்டறிய ரூரல் நிறுவனம் தன் கையேட்டில் பொய்யான பதிவுகளைச் சேர்த்திருந்தது. அவற்றுள் நான்கு பெயிசுட்டின் கையேட்டிலும் இடம்பெற்றன. பிங்கைக் கண்டறியக் கூகிள் கையாண்டதும் இதே உத்தியாகும்.
- ஈபே எதிர் பிட்டர்சு எட்ச்சு (2000): ஏலத் தளமான ஈபேயை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை அணுகி விலைகளைத் திரட்டிய நிறுவனத்துக்கு, கலிபோர்னியாவிலுள்ள நடுவண் நீதிமன்றம் தடையாணை விதித்தது. மொத்தச் சுமையில் அதன் பங்கு ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடே. எனினும் பிறரும் அவ்வாறே செய்தால் தளம் தாங்காது என்பது கருத்திற் கொள்ளப்பட்டது.
- ஹைக்யூ எதிர் லிங்க்டுஇன் (2017–2022): கடவுச்சொல் இன்றி எவரும் காணக்கூடிய பக்கங்களைத் திரட்டுவது, அமெரிக்கக் கணினி முறைகேட்டுச் சட்டத்தை மீறுவதாகத் தோன்றவில்லை என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இலும் 2022இலும் கூறியது. ஆயினும் பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்று கீழ் நீதிமன்றம் 2022 நவம்பரில் முடிவுசெய்தது. குற்றமாகாத செயலும் ஒப்பந்த மீறலாகலாம் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

போட்டியாளரின் பெயரைத் தேடற்சொல்லாகப் பயன்படுத்துவது தொடர்பாகவும் வழக்குகள் உள்ளன. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டின் புரூக்பீல்டு வழக்கில், பிறருடைய வணிகக் குறியைப் பக்கத்தின் மறைவான திறவுச்சொல் பகுதியில் இடுவது தடுக்கப்பட்டது. அப்பகுதியைத் தரப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் 2009இல் அறிவித்தமையால் அவ்வழக்கத்தின் பயனும் மறைந்தது. இந்தியாவில், பாரத் மேட்ரிமொனி உள்ளிட்ட திருமணத் தகவல் தளங்களை நடத்திய சென்னை நிறுவனமான கன்சிம் இன்போ, தன் பெயர்களைப் போட்டியாளர்கள் விளம்பரத் திறவுச்சொற்களாகப் பயன்படுத்துவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இவை பொருளை விவரிக்கும் பொதுச்சொற்களின் சேர்க்கை என்ற அடிப்படையில், 2010இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். வணிகக் குறியைத் திறவுச்சொல்லாகப் பயன்படுத்துவது தன்னளவில் மீறலன்று, குழப்பம் விளைவிக்கும்போதே மீறலாகும் என்னும் கருத்தை 2023 ஆகத்தில் தில்லி உயர் நீதிமன்றம் தெரிவித்தது.

உரியவரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுதல், தரவை இறக்குதல், இயக்கத்தைத் தடைசெய்தல் ஆகியவற்றுக்கு இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு இழப்பீட்டுப் பொறுப்பை விதிக்கிறது.

கண்காணிப்பு தாக்குதலாக மாறுதல்

கண்காணிப்பில் திரட்டிய தகவலைப் போட்டியாளரைக் கீழிறக்கப் பயன்படுத்துவது எதிர்மறை உகப்பாக்கம் எனப்படுகிறது. இதன் முதன்மை வடிவங்கள் பின்வருமாறு.

தீய இணைப்புகள்: 2012 ஏப்ரலில் கூகிள் வெளியிட்ட பெங்குவின் மாற்றம், செயற்கையான இணைப்புகள் கொண்ட தளங்களைக் கீழிறக்கியது. இதனால், போட்டியாளரின் தளத்தை நோக்கி எரித இணைப்புகளை உருவாக்கி அவரை வீழ்த்தலாம் என்னும் அச்சம் பரவியது. தனக்கு வரும் இணைப்புகளை ஏற்கவில்லை என்று அறிவிக்கும் வசதியைக் கூகிள் 2012 அக்டோபரில் அளித்தது. 2016 செப்டம்பர் முதல் பெங்குவின் முறை, தளத்தைக் கீழிறக்குவதற்கு மாறாகத் தீய இணைப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் விடும்படி மாற்றப்பட்டது.

பொய்யான பதிப்புரிமை முறையீடுகள்: 1998ஆம் ஆண்டின் அமெரிக்க எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டப்படி, முறையீடு வந்த பக்கத்தைத் தேடுபொறி தன் முடிவுகளிலிருந்து நீக்குகிறது. உண்மையான படைப்பாளிகளுக்குப் பாதுகாப்பான இவ்வழி, போட்டியாளரை மறையச் செய்யும் கருவியாகவும் பயன்படுத்தப்பட்டது. போட்டி நிறுவனங்களின் 1,00,000க்கும் மேற்பட்ட வலை முகவரிகளைக் குறிவைத்துப் பொய் முறையீடுகள் அனுப்பியதாகச் சிலர் மீது 2023 நவம்பரில் கூகிள் வழக்குத் தொடுத்தது.

விளம்பரச் சொடுக்கல்: ஒவ்வொரு சொடுக்கலுக்கும் கட்டணம் செலுத்தும் விளம்பரங்களைப் போட்டியாளரே திரும்பத் திரும்பச் சொடுக்கி, விளம்பரதாரரின் தொகையைத் தீர்த்துவிடுவது. பொய்ச் சொடுக்கல்கள் தொடர்பான கூட்டு வழக்கொன்றை 2006இல் கூகிள் 9 கோடி டாலர் வரையிலான உடன்பாட்டின் மூலம் முடித்தது.

இத்தாக்குதல்களால் பெரிய நிறுவனங்களைவிடச் சிறிய தளங்களே மிகுதியாகத் துன்புறுகின்றன. பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞரும் பொறியாளரும் உண்டு. ஒருவரே நடத்தும் தளத்தின் பக்கம் நீக்கப்பட்டால், எதிர்முறையீடு அனுப்பி அது மீளும் வரை வருவாய் நின்றுவிடுகிறது.

முறைகேட்டை முறையிடுதல்

போட்டியாளர் தேடுபொறியின் விதிகளை மீறுவதாகக் கண்டால், அதனை முறையிடத் தேடுபொறிகள் படிவங்களை வைத்துள்ளன. முறையிடுவது நியாயமற்ற செயல் அன்று. எனினும் முறையிடுமுன் சிலவற்றை உறுதிசெய்தல் தேவை. கண்டது ஒருநாள் நிகழ்வா, தொடர்வதா என்பதைத் தேதியுடன் பதிய வேண்டும். பயனருக்கு ஒரு பக்கத்தையும் தேடுபொறிக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவதாக ஐயம் எழுந்தால், வேறு உலாவியிலும் வேறு இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். செருமனியின் பி.எம்.டபிள்யூ தளம் இத்தகைய வாயிற்பக்கங்களுக்காக 2006 பெப்ரவரியில் கூகிளிலிருந்து நீக்கப்பட்டு, அவற்றை அகற்றியபின் சில நாட்களில் மீண்டது. தீய இணைப்புகள் உள்ளன என்பதால் மட்டும் அவற்றைத் தள உரிமையாளரே வைத்தார் என்று முடிவுசெய்ய இயலாது. மேற்கூறியவாறு, அவை அவருக்கு எதிராக வேறொருவர் வைத்தவையாகவும் இருக்கக்கூடும்.

எனவே முறையீட்டில், கண்டது எது, ஊகித்தது எது என்பதைப் பிரித்து எழுதுவதே உரிய முறையாகும். அதே சோதனையைத் தன் தளத்திலும் நடத்திப் பார்ப்பது நன்று. போட்டியாளரிடம் குறையாகத் தோன்றியது தன் தளத்திலும் இருப்பது அரிதன்று.

இவற்றையும் பார்க்க

- தேடுபொறி
- தேடுபொறி உகப்பாக்கம்
- பேச்சுரேங்க்
- எரிதம்
- பதிப்புரிமை
- வணிகக் குறி
- இணைய ஆவணகம்